சலைன் தீர்ந்த வார்டு

மனிதரின் அறச்சிந்தனை மூன்று தளங்களில் வளர்கிறது என்றார் அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க். தண்டனைக்குப் பயந்தோ பலனை எதிர்பார்த்தோ நடப்பது முதல் தளம். நாலு பேர் என்ன சொல்வார்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து நடப்பது இரண்டாவது. விதி எதற்காக ஏற்பட்டதோ அந்த நியாயத்தையே உரைகல்லாகக் கொள்வது மூன்றாவது. சாகக் கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்று ஒரு கற்பனைக் கதை சொல்லி, வரும் பதில்களை வைத்து அவர் படிநிலையைக் கணித்தார். 1971-இல் கல்கத்தா மருத்துவர் ஒருவருக்கு வந்த கேள்வி கற்பனையல்ல.

வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. எல்லையோர ஊரான பன்காவுக்கு ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தார் திலீப் மஹாலனபிஸ். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கல்கத்தா ஆய்வு மையத்தில் பணியாற்றியவர். மருத்துவமனையில் காலராவுக்கு இருந்தவை இரண்டு அறைகள், 16 கட்டில்கள். மற்றவர்கள் தரையில். வாந்தியிலும் பேதியிலும் மண்டியிட்டுத்தான் அவர்களுக்கு ஊசி குத்த முடிந்தது. நரம்பு வழியே சலைன் ஏற்றுவதே அன்றைய முறையான சிகிச்சை. அந்தச் சலைனோ தீர்ந்துகொண்டிருந்தது.

உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுப்பது பலன் தரும் என்று 1968-இல் டாக்கா ஆய்வு காட்டியிருந்தது. ஆனால் அது மருத்துவர்களின் கண்காணிப்பில் நடந்தது. அதற்குமுன் 1962-இல் மணிலாவில் செய்த சோதனையில் கரைசலின் உப்பு மிகுந்து நோயாளிகள் இறந்ததும் உண்டு. எனவே பயிற்சியில்லாதவர் கையில் இதைக் கொடுக்கக் கூடாது என்ற தயக்கத்தை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. சலைனுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தால் மஹாலனபிஸை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. இரண்டாம் தளத்தின் வசதியே அதுதான்.

அவர் காத்திருக்கவில்லை. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கல்கத்தாவில் பொட்டலங்கள் தயாராயின. பைகளின் வாயைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். பன்காவில் குழாய் வைத்த டிரம்களில் அதைக் கரைத்தார்கள். தாயும் அண்ணனும் குவளையில் பிடித்து வந்து நோயாளிக்குப் புகட்டினார்கள். 3,000-க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை நடந்தது. 30 சதவீதம் வரை போயிருந்த சாவு 3.6 சதவீதமானது.

இதை விதியை மீறிய துணிச்சல் என்று மட்டும் பாராட்டினால் பாதி விஷயம் விட்டுப்போகும். காலரா தாக்கிய குடலிலும் குளுக்கோஸ் உப்பையும் நீரையும் உடன் இழுத்துச் செல்லும் என்பது அவருக்குத் தெரியும். அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களுக்கென்றே மிச்சச் சலைனை ஒதுக்கினார். சாவுகளை எண்ணிப் பதிவுசெய்தார். இந்த அறிவும் கணக்கும் இல்லாத ஒருவர் இதே காரியத்தைச் செய்திருந்தால் அதற்குப் பெயர் பொறுப்பின்மை.

ஒப்பீட்டுக் குழு இல்லையே என்பது ஆய்வுலகின் ஆட்சேபம். இதே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி இத்தகைய கரைசலின் பலனை 1953-லேயே ‘லான்செட்’ இதழில் எழுதியும் அது எடுபடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பன்காவில் ஒப்பீட்டுக் குழு என்றால், ஒரு பகுதி நோயாளிகளுக்குக் குவளையை நீட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது என்று பொருள். கோல்பர்க்கின் அளவுகோல் நீதியை மட்டும் பார்த்து, பராமரிப்பைப் பார்க்கத் தவறியது என்று கரோல் கில்லிகன் 1982-இல் விமர்சித்தார். அந்த வார்டில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

1978-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கரைசலை மையமாக வைத்து வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மஹாலனபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். பத்ம விபூஷண் மறு ஆண்டு அறிவிக்கப்பட்டது. பன்காவின் கலவை அப்படியே நிலைத்துவிடவுமில்லை. 2002-இல் குளுக்கோஸ் 13.5 கிராமாகவும் உப்பு 2.6 கிராமாகவும் குறைக்கப்பட்டன. மருந்துக்கடையில் இன்று கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இருப்பது அந்த அளவு.