பழவேற்காட்டுப் பீடியும் நிக்கோட்டின் ஒட்டும்



பழவேற்காட்டு ஏரியைப் பகலிற் கண்டோர் பலர். பூநாரை காண வருவோரும், ஒல்லாந்தர் கல்லறைகளைக் காண வருவோரும், மகிமை மாதா கோயிலில் நேர்ச்சை செலுத்த வருவோரும் என அவர் பலதிறத்தர். அவ்வேரியை இரவிற் கண்டோர் சிலரே. நிலவற்ற இரவில், இறால் வலையைக் கட்டிவிட்டு நீரோட்டம் திரும்புமளவும் காத்திருக்கும் படகுகளிற் சிறு செம்புள்ளிகள் தோன்றித் தோன்றி மறையும். அறியாதவன் மின்மினி என்பான். அவை பீடியின் கனல். அக்கனலைப் பற்றியும், அதனை அவிக்க இக்கால மருத்துவம் கண்ட எளியதொரு கருவியைப் பற்றியுமே இவ்வியாசத்திற் சில கூற விழைகின்றேன்.

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. சங்கச் சான்றோர் பாடிய நெய்தனிலத்துப் பரதவர் மீனும் உப்பும் கள்ளும் அறிவர், புகையிலையை அறியார். அமெரிக்கக் கண்டத்திற்குரிய அதனை இந்தியக் கரைக்குக் கொணர்ந்தவர் போர்ச்சுக்கீசியர். 16ஆம் நூற்றாண்டிற் பழவேற்காட்டிலும் அவர்களது குடியேற்றம் இருந்தது. அவர்க்குப்பின் வந்த ஒல்லாந்தர் 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். கோட்டை இடிந்து மண்ணாயிற்று. கடல் கடந்து வந்த இலையோ இன்றும் கோலோச்சுகிறது. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இல் அதனைக் கண்டித்து நூலெழுதினார். இங்கே ஜஹாங்கீர் சக்கரவர்த்தி 1617இல் அதனைத் தடுத்து ஆணையிட்டார். அரசர்தம் சினத்திற்கு அது அஞ்சவில்லை. நம் தமிழ்ப் புலவர்களோ அதனைக் கொண்டாடவே செய்தனர். சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய புகையிலை விடு தூது என்னும் பிரபந்தத்தை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்துள்ளமை தமிழ் பயில்வோர் அறிந்ததே. அன்பிற்குரிய பொருளையன்றோ தூதாக விடுப்பர்? ஆகவே தமிழர் புகையிலையைப் பகையாகக் கருதவில்லை, துணையாகவே கருதினர். துணையென்று நம்பியதைத் துரத்துதல் எளிதன்று.

நிற்க. யானும் அவ்வேரிக்கரைக் குப்பமொன்றிற் பிறந்தவனே. என் சிற்றப்பா நாளொன்றுக்கு 30 பீடி புகைத்து வந்தார். இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் சபை வாலிபர் சிலர் கூடிப் புகை ஒழிப்பு உறுதிமொழிப் படிவம் ஒன்று ஆயத்தஞ் செய்தோம். யானே அதனை ஏந்திச் சென்று, ஆலய வாசலில் அவரிடம் கையொப்பம் பெற்றேன். அவர் மூன்று நாள் புகைக்கவில்லை. மூன்றாம் நாளிரவு உறக்கமின்றி, எரிச்சல் மீதூர்ந்து, உடன் தொழில் செய்வோரோடு பூசலிட்டு, விடியுமுன் மீண்டும் பற்றவைத்தார். அதன்பின் ஒரு மாதகாலம் அவர் ஆலயத்திற்கு வரவேயில்லை. காரணம் வினவியபோது, "தம்பி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சொல்லைக் காப்பாற்ற முடியாதவன் எந்த முகத்தோடு வந்து உட்காருவான்?" என்றார். அவர் வாயினின்று பீடியைப் பறிக்கச் சென்ற யாம், அவரை ஆலயத்தினின்றே பிரித்துவிட்டோம். அன்று யான் உற்ற நாணமே இவ்வியாசத்திற்குக் காரணம்.

எம்மிடம் இருந்த குறை யாது? நோயை நோயென்று அறியாமல் குற்றமென்று மட்டும் கருதியதே. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருளை 1828இல் ஜெர்மானியர் இருவர் பிரித்தெடுத்தனர். புகையோடு உட்சென்ற நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளையை எட்டி, அங்கே இன்ப உணர்வைத் தூண்டுகிறது. இரண்டு மணி நேரத்திற்குள் குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குறையவே மூளை மீண்டும் அதனை வேண்டி நிற்கிறது. இவ்வாறு நாள்தோறும் பன்முறை பழகிய மூளைக்குத் திடீரென அதனை மறுப்பின் சினமும், உறக்கமின்மையும், மனக்கலக்கமும் தோன்றுதல் இயல்பு. இஃது உடலின் நிலை, நெஞ்சுரமின்மை அன்று.

இங்கே நுணுகி அறியத்தக்க வேற்றுமை ஒன்றுண்டு. மனிதனைக் கட்டுவது நிக்கோட்டின். கொல்வதோ பெரும்பாலும் புகை. புகையிலுள்ள தாரும், கார்பன் மோனாக்சைடும், பிற நச்சுப் பொருள்களுமே புற்றுநோய்க்கும், நுரையீரல் நோய்க்கும், மாரடைப்பிற்கும் தலையாய காரணங்கள். பீடி சிறிதென்று எண்ணுதல் பிழை. அதன் இலை அடிக்கடி அவிவதால் புகைப்போன் மேலும் மேலும் ஆழ்ந்து இழுக்கிறான்; சிகரெட்டினும் மிகுதியான தாரும் கார்பன் மோனாக்சைடும் அவனுட் புகுகின்றன. நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13 லட்சம் பேர் புகையிலையால் மாள்கின்றனர். 2009-10இல் எடுத்த கணக்கையும் 2016-17இல் எடுத்த கணக்கையும் ஒப்பிடின், வயதுவந்தோரிற் புகையிலை கொள்வோர் இந்தியா முழுமையிலும் 34.6 விழுக்காட்டினின்று 28.6 விழுக்காடாகக் குறைந்தனர். நம் தமிழ்நாட்டிலோ 16.2 விழுக்காட்டினின்று 20 விழுக்காடாக உயர்ந்தனர். இது நாம் சிந்திக்கத்தக்கது.

கட்டுவது ஒன்று, கொல்வது மற்றொன்று எனின், கொல்வதை முதலில் விலக்கி, கட்டினைச் சிறிது சிறிதாகத் தளர்த்தலாகாதோ? இவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே நிக்கோட்டின் ஒட்டு. மருந்துக்கடைக்காரர் இதனைப் பேட்ச் என்பர். பச்சைப் புகையிலையைக் கையாளும் தோட்டத் தொழிலாளர்க்குத் தோல்வழியே நஞ்சேறிக் குமட்டல் உண்டாவதை அறிந்த கலிபோர்னியா அறிஞர் மரே ஜார்விக், தோல்வழியே நிக்கோட்டினை மருந்தாகவும் செலுத்தலாமே என எண்ணினார். பிறர்மேற் சோதிக்க இசைவு கிடையாமையின், அவரும் அவர்தம் துணைவரும் தம் உடல்மேலேயே சோதித்தனர். அமெரிக்க அரசு 1991இல் இதனை ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் 2009இலும், நம் இந்திய அரசு 2022இலும் நிக்கோட்டின் மாற்று மருந்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தன.

இதன் முறை எளிது. காலையில் மேற்கையிலோ முதுகின் மேற்புறத்திலோ, உலர்ந்ததும் மயிரற்றதுமான இடத்தில் ஒட்டுதல் வேண்டும். நாள்தோறும் இடத்தை மாற்றுதல் வேண்டும். நாளொன்றுக்குப் 10 சிகரெட்டுகளுக்குமேற் புகைப்போர் பொதுவாக 21 மில்லிகிராம் ஒட்டினை ஆறு வாரமும், 14 மில்லிகிராம் ஒட்டினை இரண்டு வாரமும், 7 மில்லிகிராம் ஒட்டினை இரண்டு வாரமும் அணிவர். மருந்து மெல்ல மெல்ல இறங்குவதால், புகை தருவது போன்ற திடீர் எழுச்சி இதில் இல்லை. 2018இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 133 ஆய்வுகளையும், அவற்றிற் பங்குகொண்ட 64,000க்கு மேற்பட்டோரையும் ஆராய்ந்து, இத்தகைய மாற்று மருந்துகளால் வெற்றி பெறுவோர் தொகை 50 முதல் 60 விழுக்காடு வரை மிகுகிறதெனக் கண்டது.

என் சிற்றப்பாவை இம்முறை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் ஒட்டினை எழுதிக் கொடுத்தார். ஏரித் தொழிலுக்கும் ஒட்டிற்கும் பகையுண்டு. இடுப்பளவு நீரில் நின்று வலை இழுப்பவனுக்கு வியர்வையும் உப்புநீரும் பசையை இளக்கிவிடும். முதல் வாரத்தில் இரண்டு ஒட்டுகள் ஏரியோடு போயின. பின்னர் அவர் தோளருகே துடைத்து உலர்த்தி ஒட்டி, சிறிது நேரம் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கக் கற்றார். இரவில் அணிந்து உறங்கினால் விசித்திரக் கனவுகள் வருகின்றன என்றார். அதற்கேற்பப் படுக்குமுன் அதனை அகற்றிவிடுமாறு மருத்துவர் கூறினார். கழற்றிய ஒட்டிலும் மருந்து எஞ்சியிருப்பதால், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி மடித்து எறிவது சின்னம்மாவின் பொறுப்பாயிற்று. 30 பீடி 12 ஆயிற்று, பின் ஆறு, ஐந்தாம் வாரத்தில் நான்கு.

ஈண்டுத் தடைகள் சிலவற்றை ஆராய்வோம். "ஒரு நஞ்சை நீக்க அந்நஞ்சையே தருவதோ?" என்பர் சிலர். கால் முறிந்தவன் ஊன்றுகோல் கொள்வதை அடிமைத்தனம் என்று யாரும் கூறார். பத்து வாரத்திற் படிப்படியாகக் குறைந்து நீங்கும் பொருட்டே அவ்வொட்டு ஆக்கப்பட்டது. "ஒட்டு அணிந்தவன் ஒரு பீடி புகைத்தால் உயிர் போய்விடும்" என்பர் வேறு சிலர். ஆராய்ச்சிகள் அவ்வச்சத்தை ஆதரிக்கவில்லை. தலைசுற்றலும் குமட்டலும் தோன்றின் அளவு மிகுந்ததென்று அறிந்து குறைத்தல் வேண்டும். அண்மையில் மாரடைப்புற்றோரும், கருவுற்றோரும், 18 வயது நிரம்பாதோரும் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடலாகாது.

மூன்றாவது தடை என் சிற்றப்பாவே எழுப்பியது. "முப்பது நான்காகிவிட்டதே, இதுபோதாதோ?" என்றார். போதாதென்றே கூறவேண்டும். 2018இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றின்படி, நாளொன்றுக்கு 20 சிகரெட்டுகள் புகைக்கும் ஆடவர்க்கு இதயநோயால் நேரும் மிகையிடரில் ஏறத்தாழப் பாதி, ஒன்றே ஒன்று புகைப்போர்க்கும் நேர்கிறது. எனவே குறைத்தல் படியேயன்றி வீடன்று. ஆயினும் படியை இகழ்தலும் தகாது. முப்பதினின்று ஒரே தாவலிற் குதிக்கச் சொல்லியன்றோ முன்பு அவரை வீழ்த்தினோம்? எஞ்சிய நான்கும் எவையென ஆராய்ந்தோம். உண்டபின் ஒன்று; மற்றை மூன்றும் இரவிற் படகிற் காத்திருக்கும்போது. அப்பொழுதுகளுக்கு ஒட்டோடு நிக்கோட்டின் பசைமிட்டாயும் தகுமென மருத்துவர் கூறினார். இவ்விரண்டும் சேர்வது ஒன்றினும் நன்று என்பது ஆய்வாலும் தெளிந்தது. அதனைச் சிறிது மென்று, காரம் தோன்றியதும் கன்னத்தில் ஒதுக்கிவைத்தல் வேண்டும். வெற்றிலை ஒதுக்கியறிந்த வாய்க்கு அது கற்பிக்க வேண்டுவதன்று.

நான்காவது தடை பணம். ஒரு நாள் ஒட்டின் விலை ஒரு கட்டுப் பீடியின் விலையை விஞ்சி நிற்கிறது. மீன் படாத வாரத்தில் பீடி கடனுக்குக் கிடைக்கும், ஒட்டுக் கிடையாது. இதனாலேயே ஆறாம் வாரத்தில் என் சிற்றப்பாவின் ஒட்டு நின்றது. நான்கு பீடி மீண்டும் ஒன்பதாயிற்று. இங்குத் தோற்றது அவர் மனவுறுதியோ? அன்று, அவர் பணப்பையே. 2021இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்பிற்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. அப்பையில் இவ்வொட்டும் இடம்பெறுதல் வேண்டும். இன்றியமையா மருந்தெனப் பட்டியலில் எழுதியது, இன்றியமையாதார் கைக்கு எட்டாதேல் எழுதியதன் பயன் என்னை?

இனி நம் விடுதி நண்பர்க்கு ஒரு சொல். பீடியைக் கண்டு மூக்கைப் பொத்தும் மாணவருட் சிலர் பழவாசனை வீசும் மின்சிகரெட்டை மறைவில் வைத்துள்ளனர். அதன் விற்பனையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடுத்துள்ளது. பீடியின் தாரும் சாம்பலும் அதில் இல்லையெனினும், நிக்கோட்டின் பிணிப்பு ஒன்றே. அதனை விட ஒட்டு எவ்வளவு உதவும் என்பதற்குச் சான்று இன்னும் சிறிதே. ஆயின் மருத்துவரிடம் மறையாது கேட்டலில் இழப்பொன்றுமில்லை. அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தில் 2002 முதல் புகையிலை விடுவிப்புப் பணி நடைபெறுகிறது. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியை நடுவணரசு 2016இல் நிறுவியது. படகிலுள்ளவனுக்கு ஒரு நீதியும் விடுதியிலுள்ளவனுக்கு ஒரு நீதியும் வேண்டா.

முடிவாக ஒன்று. எங்கள் ஏரியிற் பாடு என்னும் வழக்கமுண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடுவர் எனச் சீட்டெடுத்து முறை வகுப்பர். ஒருவன் முறையை மற்றவன் கவரான். வறுமையிலும் இக்கட்டுப்பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவரை மனவுறுதி அற்றவர் என்று யார் கூறுவார்? அத்தகையோர் தனித்தனியே முயலாது, ஒரு பாட்டார் அனைவரும் சேர்ந்து ஒரே நாளில் ஒட்டணியத் தொடங்கின், படகில் நீட்டப்படும் பீடியும் இராது. தவறியவனைத் தாங்கும் கையும் உடனிருக்கும்.

நல்ல சமாரியன் வழியிற் கிடந்தவனை நோக்கி, நீ ஏன் இவ்வழியே வந்தாய் என்று வினவவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்திற்குரிய செலவையும் தானே கொடுத்தான். யாமோ வினவினோம், கையொப்பம் பெற்றோம், செலவைக் கொடுக்கவில்லை. எங்கள் வாலிபர் சங்கம் இவ்வாண்டு உறுதிமொழிப் படிவம் அச்சிடவில்லை. அப்பணத்தோடு வேறு சிறிதும் சேர்த்து, ஐவருக்குப் பத்து வார ஒட்டு வாங்க முடிவு செய்துள்ளது. அவ்வைவருள் முதற்பெயர் என் சிற்றப்பாவினுடையது. அவர் மீண்டும் ஆலயத்திற்கு வருகிறார். ஒன்பது பீடியோடுதான் வருகிறார், ஆயினும் வருகிறார்.