மௌனம் க்ஷேமத்திற்கு அறிகுறியன்று

சர்க்கார் காரியாலயங்களும், பாங்குகளும், ஆஸ்பத்திரிகளும் ஜனங்களைப் பற்றிய தஸ்தாவேஜுகளை இன்று டேட்டாபேஸ் ஸெர்வர்களிலேயே வைத்திருக்கின்றன. அந்த ஸெர்வர்களை அல்லும் பகலும் கண்காணிப்பதும், குறித்த வேளையில் பிரதி எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துவதும் ‘ஏஜெண்டு’ எனப்படும் மென்பொருள்களின் வேலை. ஏஜெண்டை நியமித்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நிர்வாகிகள் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எத்துணை அபாயகரமானது என்பதற்கு, மென்பொருள் நிபுணர்கள் தங்கள் வேலைகளைச் சேர்த்துவைக்கும் கிட்லாப் கம்பெனியின் அனுபவமே தக்க சான்றாகும்.

2017-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி இரவு, அக்கம்பெனியின் இஞ்சினீயர் ஒருவர் துணை ஸெர்வரில் இருப்பதை அழிப்பதாக எண்ணி, பிரதான ஸெர்வரில் இருந்ததை அழித்துவிட்டார். இரண்டொரு விநாடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே மிஞ்சிற்று. பிரதியைத் தேடினார்கள். தினந்தோறும் பிரதி சேரவேண்டிய இடம் வெறுமையாய்க் கிடந்தது! டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பிரதியெடுக்கும் கருவியோ 9.2. பொருத்தமின்மையால் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைத் தெரிவிக்க இயந்திரம் அனுப்பிய மின்னஞ்சல்களும், அனுப்புவோரை உறுதிப்படுத்தும் ஏற்பாடு இல்லாமையால் ஏற்கப்படவில்லை. ஆதலால் ஒருவருக்கும் விஷயம் எட்டவில்லை.

வேறொரு காரியத்திற்காக ஆறு மணி நேரத்திற்கு முன் கையால் எடுத்துவைத்த பிரதி ஒன்றே அவர்களைக் கைதூக்கிவிட்டது. அப்படியும், இடைப்பட்ட வேளையில் சேர்ந்த சுமார் 5,000 திட்டங்களின் பதிவுகளும், 5,000 குறிப்புகளும், 700 புதிய கணக்குகளும் போயின. நடந்ததை ஒளிக்காமல் அக்கம்பெனி உலகறிய வெளியிட்டது பாராட்டத்தக்கதே.

அந்த இஞ்சினீயரைப் பழிப்பதில் பயனில்லை. கை தவறுவது மனித சுபாவம். அதற்காகவே பிரதி எடுக்கிறோம். ஆனால் பிரதியிலிருந்து தகவல்களை மீட்டுப் பார்க்காத வரையில் அது வெறும் நம்பிக்கையே. ஏஜெண்டிடமிருந்து செய்தி வராத நாளை அபாய நாளென்றே கொள்ளவேண்டும். ஏஜெண்டு உயிருடன் இருக்கிறதா என்று பார்க்க மற்றோர் ஏற்பாடும், அதற்குப் பொறுப்பாளியான ஓர் உத்தியோகஸ்தரும் அவசியம்.

மென்பொருள் திட்டத்தின் குறிப்பு தொலைந்தால் மீண்டும் எழுதிவிடலாம். ஏழையின் நிலப்பதிவோ பென்ஷன் கணக்கோ தொலைந்தால் அவன் யாரிடம் போய் முறையிடுவான்? ஆகவே, ஜனங்களின் தஸ்தாவேஜுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு காரியாலயமும், பிரதியிலிருந்து கடைசியாக மீட்டுச் சரிபார்த்த தேதியைப் பகிரங்கமாக அறிவிக்கவேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். தேதி சொல்ல இயலாத காரியாலயத்தில் பிரதி இல்லையென்றே ஜனங்கள் கொள்வது நியாயம்.