யாருக்காக இந்த நாட்டுச் செடிகள்?

நாட்டுச் செடிகளைக் காக்க வேண்டும் என்னும் குரல் இன்று யாழ்ப்பாணத்திலே பலமாக ஒலிக்கின்றது. மண்டபங்களிலே கூட்டங்கள் கூடுகின்றன. கண்காட்சிகள் திறந்து வைக்கப்படுகின்றன. கார்த்திகை பிறந்துவிட்டால் மரக்கன்று வழங்காத மன்றமே இல்லை எனலாம். 2014ஆம் ஆண்டிலே வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. அச்சபையின் விவசாய அமைச்சராயிருந்த பொ. ஐங்கரநேசன் தலைமை தாங்கும் தமிழ்த் தேசியப் பசுமை இயக்கம், ‘கார்த்திகை வாசம்’ என்ற பெயரில் நல்லூர் சங்கிலியன் பூங்காவிலே மலர்க் கண்காட்சி நடத்தி வந்துள்ளது. நீண்ட போரிலே பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமாகப் பனைகள் தறிக்கப்பட்ட மண்ணிலே, மீண்டும் மரம் நட வேண்டும் என்ற ஆவல் எழுந்தது இயற்கையே. அதை நாம் மனமார வரவேற்கின்றோம்.

ஆயினும் வரவேற்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. எந்த முயற்சியைக் கண்டாலும் ‘இது யாருக்காக?’ என்று கேட்பது முற்போக்காளர் வழக்கம். அக்கேள்வியை நாட்டுச் செடிக் கூட்டங்களிடமும் கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது. ‘கலை கலைக்காகவே’ என்று ஒரு காலத்தில் முழங்கியவர்களை நாம் அறிவோம். அந்தப் பழைய வாதமே இன்று ‘செடி செடிக்காகவே’ என்று வேடம் மாற்றி மேடை ஏறியிருக்கின்றதோ என்னும் ஐயம் நமக்கு உண்டு.

கொக்குவிலை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியை அணைந்து கிடக்கும் ஊர். இங்கே காடு இல்லை, ஆறு இல்லை. அப்படியாயின் இவ்வூரின் நாட்டுச் செடிகள் எங்கே வாழ்ந்தன? வேலியிலே வாழ்ந்தன. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நிரையாக நட்டு, பனையோலையால் அடைத்த வேலிதான் இவ்வூரின் காடு. அதனிடையே ஆடாதோடையும் நொச்சியும் பாவட்டையும் நின்றன. முசுட்டையும் கொவ்வையும் முடக்கொத்தானும் குறிஞ்சாவும் தூதுவளையும் படர்ந்தன. பூவரசங்குழை தோட்டத்துக்குப் பசளையாயிற்று. கிளுவங்குழை ஆட்டுக்குத் தீனியாயிற்று. முசுட்டை இலை வறையாயிற்று. ஆடாதோடை இருமலுக்குக் குடிநீராயிற்று. காணி இல்லாத பெண்ணுக்கும் ஒழுங்கையோர வேலியிலே ஒரு பிடி இலை பறிக்கும் உரிமை இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத உரிமை அது. ஏழையின் உலையோடு பிணைந்த உரிமை.

இவ்வேலியை நாம் சொர்க்க வாசலாகச் சித்திரிக்கவில்லை. வேலி பிரித்தது, வேலி மறைத்தது. ஒரு சாண் நிலத்துக்காகக் கதியாலைத் தள்ளி நட்டு, அதன் பொருட்டு ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கிய குடும்பங்களின் கதை யாழ்ப்பாணத்துக்குப் பழங்கதை. கிணற்றிலே தண்ணீர் அள்ளவிடாத சாதித் திமிரும் அதே வேலிக்குப் பின்னால்தான் குடியிருந்தது. ஆயினும் அவ்வேலிக்கு உயிர் இருந்தது. அதனிடத்திலே இன்று எழும் சீமெந்து மதிலோ, வேலியின் பிரிக்கும் குணத்தை வைத்துக்கொண்டு, கொடுக்கும் குணத்தை மட்டும் கைவிட்டுவிட்டது.

மதில் ஏன் எழுந்தது? 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்தவர்களுக்கு வேலி அடைக்க ஓலையும் இல்லை, ஆளும் இல்லை. பின்னர் கூலி உயர்ந்தது. அது உயரத்தான் வேண்டும். 2009இல் போர் முடிந்தபின் கடல் கடந்த உறவினரின் பணம் கல்லாகவும் சீமெந்தாகவும் வந்து இறங்கியது. வீட்டுக்காரரை மட்டும் வைது பயனில்லை. வேலி ஆண்டுதோறும் உழைப்பைக் கேட்கும். மதில் ஒரே முறை பணத்தைக் கேட்கும். உழைப்பைத் தாழ்த்திப் பணத்தை உயர்த்திய சமுதாயம் இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? எனவே, செடி அழிவது செடியின் பிரச்சினை மாத்திரமன்று; அது காணியின் பிரச்சினை, கூலியின் பிரச்சினை, வாழ்க்கை முறையின் பிரச்சினை.

இவ்வுண்மையை நம் கூட்டங்கள் பேசுகின்றனவா? நாம் இருந்து கேட்ட கூட்டங்கள் பலவற்றின் நிகழ்ச்சி நிரல் ஒன்றே: மங்கல விளக்கேற்றல், தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, கன்று வழங்கல், படம் பிடித்தல். சிறப்புரையிலே குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களும் தவறாமல் இடம்பெறும். கபிலர் தம் காலத்து மலர்களைப் பாடினார். அது கபிலருக்குப் பெருமை. அவற்றை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பவர், மண்டப வாசலிலே தம் காலில் மிதிபடும் கீழ்க்காய்நெல்லியை அறியார் என்றால் அது யாருக்குப் பெருமை? கன்று பெற்றவர் அதை எங்கே நடுவார், அவருக்கு நடுவதற்கு நிலம் உண்டா, பங்குனி வெயிலிலே தண்ணீர் வார்ப்பவர் யார் என்று கேட்பாரில்லை. அடுத்த கார்த்திகையிலும் அதே குழி, வேறு கன்று, அதே படம்!

இவையெல்லாவற்றினும் பெரிய குறை, பேச அழைக்கப்படுவோர் யார் என்பதிலே இருக்கின்றது. பனை ஏறுவோர், ஆட்டுக்குக் குழை வெட்டுவோர், கீரை பறித்துச் சந்தையிலே விற்கும் பெண்கள், பரியாரிமாருக்கு மூலிகை தேடிக் கொடுப்போர் ஆகியோரின் கைகளிலே செடியறிவு வாழ்கின்றது. எது எந்த மாதத்திலே தளிர்க்கும், எது கிணற்றடியிலே செழிக்கும், எது உவர் நிலத்தைத் தாங்கும் என்பதெல்லாம் வயிற்றுப்பாட்டினால் அவர்கள் கற்றவை. அவர்களோ மேடையிலும் இல்லை, முன்வரிசையிலும் இல்லை. கதிரை அடுக்குவதற்கே மண்டபத்துக்குள் அழைக்கப்படுகின்றனர்.

இது நமக்குப் புதிய அனுபவமன்று. 1960களின் தொடக்கத்திலே ஈழத்து இலக்கிய உலகில் மரபுப் போராட்டம் எழுந்ததை ஆசிரிய நண்பர்கள் அறிவர். உழைக்கும் மக்களின் பேச்சை எழுத்திலே கொண்டுவந்தவர்களைப் பார்த்து, ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் முகஞ்சுளித்தனர். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்தோர் அதனை எதிர்த்து நின்றனர். மக்கள் மொழி இலக்கியத்திலே தன் இடத்தைப் பெற்றது. அன்று சொல்லுக்கு நேர்ந்ததே இன்று செடிக்கு நேர்கின்றது. இலத்தீன் பெயர் சொன்னால் அறிவு. ஏட்டுப் பெயர் சொன்னால் பெருமை. குழை வெட்டுபவர் சொல்லும் பெயர் மட்டும் அறியாமை!

இலத்தீன் பெயர் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர் வழங்கும்போது, உலகுக்கெல்லாம் பொதுவான பெயர் ஒன்று தேவையே. ஆனால், 1893 முதல் 1900 வரை வெளிவந்த இலங்கைத் தாவர நூலை நோக்குங்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ட்ரைமன் தொடங்கி, 1896இல் அவர் இறந்தபின் ஹூக்கர் முடித்துவைத்த நூல் அது. குடியேற்ற ஆட்சிக் காலத்து அந்த ஆங்கிலேயர்களே தமிழ்ப் பெயர்களையும் சிங்களப் பெயர்களையும் தேடிப் பதிந்தனர். அப்பெயர்கள் வானத்திலிருந்து விழுந்தவையா? செடியோடு வாழ்ந்த மக்களின் வாயிலிருந்து வந்தவை. நாமோ சுதந்திரம் பெற்ற பின்னரும், இம்மண்ணின் செடிகளைப் பற்றிய ஆய்வை ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் வாசித்து, ஆங்கிலத்திலேயே அடக்கம் செய்கின்றோம். தமிழிலே விஞ்ஞானம் பேச இயலாது என்று சாக்குச் சொல்வாரும் உளர். கொக்குவிலின் அயலூராகிய மானிப்பாயிலே, 1860களில், அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். உடலின் நரம்பையும் எலும்பையும் அன்று தமிழிற் சொல்ல முடிந்ததென்றால், வேலிக் கொடியின் இலையையும் பூவையும் இன்று சொல்ல முடியாதா?

கூட்டம் எப்படி நடத்துவது என்பதற்கும் நாம் வெளிநாட்டிலே பாடம் தேட வேண்டியதில்லை. கொக்குவில் ஒரு காலத்திலே சுருட்டுத் தொழிலாளரின் ஊர். கொட்டிலிலே கைகள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் வேலை செய்தபடியே கேட்பர், குறுக்கிடுவர், வாதிடுவர். தலைமையுரை இல்லை; பொன்னாடை இல்லை. ஆயினும் பள்ளிக்கூடப் படி ஏறாத எத்தனையோ பேருக்கு உலக அரசியலைக் கற்பித்த பல்கலைக்கழகம் அக்கொட்டிலே. நாட்டுச் செடிக் கூட்டம் இந்த மரபிலே ஏன் பிறக்கக் கூடாது?

அவர்கள் சுற்றிய புகையிலை நாட்டுச் செடியன்று என்று எவரேனும் குறுக்கிடலாம். உண்மைதான், அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. மிளகாயும் மரவள்ளியும் அங்கிருந்து வந்தவையே. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்திலே, மிளகாயும் வெங்காயமும் விளைவித்தே யாழ்ப்பாண விவசாயி தலை நிமிர்ந்தார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அவர் விழுந்தார். அந்த மிளகாயை அந்நியச் செடி என்று எவர் பிடுங்கி எறிவார்? பிறந்த இடத்தைப் பார்த்துச் செடிக்குக் குலம் கற்பிக்கும் போக்கு ஆபத்தானது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த நாடு இது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்களை அவர்கள் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றிய வடக்கு இது. ‘மண்ணுக்கு உரியவர், உரியவர் அல்லர்’ என்ற தராசு மனிதரை என்ன செய்தது என்பதைக் கண்ட நாம், அதே தராசைச் செடிக் கூட்டத்திலே தூக்கி வைத்து வணங்கலாமா? பார்த்தீனியத்தை நாம் எதிர்ப்பது அது வெளியிலிருந்து வந்ததற்காகவன்று. தோட்டத்தை மூடிப் பயிரைக் கெடுத்து, உழைப்பவரின் தோலையும் மூச்சையும் வருத்துவதற்காக. செடியை அதன் செயலால் அளப்பதே விஞ்ஞானம்.

மேடைகளிலே மிகுதியாகப் போற்றப்படும் கார்த்திகைப் பூவையே பார்ப்போம். செங்காந்தள் என்று இலக்கியம் புகழ்வதும், இங்கே அரசியல் அடையாளமாக ஏந்தப்படுவதும், தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதும் அதுவே. அதே தமிழ்நாட்டிலே, ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரணியம் பக்கங்களில் அக்கொடி கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிராகின்றது. உழவர்கள் பூவுக்குப் பூ கையாலே மகரந்தம் சேர்க்கின்றனர். விதை மருந்துக்காக ஏற்றுமதியாகின்றது. அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் மேனாட்டு மருத்துவத்திலே கீல்வாத நோய்க்குப் பயன்படுகின்றது. விதையின் விலையை நிர்ணயிப்பவர் உழவர் அல்லர், வியாபாரி. பூவின் அழகைப் பாடும் நம் கூட்டங்களிலே இந்தக் கைகளின் கதை ஒரு வரியேனும் பேசப்படுகின்றதா?

செடிகளுக்காகக் கூடுவோர் வேறெங்கும் இப்படித்தானா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். அல்லவே! கேரளத்திலே 1962இல் தொடங்கிய சாஸ்திர சாகித்திய பரிஷத், விஞ்ஞானத்தை மலையாளத்திலே மக்களிடம் கொண்டுசென்ற இயக்கம். குந்திப்புழையிலே அணை கட்டி அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்கத் திட்டம் வந்தபோது, தாவரவியற் பேராசிரியர் எம். கே. பிரசாத் போன்றோர் வகுப்பறையை விட்டு ஊர் ஊராக இறங்கினர். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1965இலே கலிபோர்னியாவில் உருவான நாட்டுச் செடிச் சங்கமும், பெர்க்லி நகரின் அருகே ஒரு தாவரத் தோட்டத்தை அழிவிலிருந்து காக்க நடந்த போராட்டத்திலேதான் பிறந்தது. ஓரிடத்திலே நின்று ‘இதை இழக்க மாட்டோம்’ என்று சொன்ன பிறகே அவர்களுடைய சொற்பொழிவுகளுக்குப் பொருள் பிறந்தது.

அப்படியாயின் கொக்குவிலிலே செய்ய வேண்டியது யாது? கூட்டம் மண்டபத்தை விட்டு ஒழுங்கைக்கு வரட்டும். மாணவர்கள் ஒவ்வோர் ஒழுங்கையாக நடந்து, எஞ்சியுள்ள வேலிகளிலே நிற்பவை எவை என்று தமிழிலே பதியட்டும். பெயர் சொல்பவராகக் குழை வெட்டுபவரையும் கீரை விற்பவரையும் அழைத்துச் செல்லட்டும். அவர்களுடைய ஒரு நாள் கூலியைக் கொடுத்து அழைக்கட்டும். பள்ளிக்கூடங்களும் கோயில்களும் பொதுக் கட்டடங்களும் மதிலுக்குப் பதிலாக உயிர்வேலி அமைக்க வேண்டும் என்று ஊர் கேட்கட்டும். அதைப் பராமரிக்கும் தொழிலாளருக்கு உரிய சம்பளத்தைப் பிரதேச சபையின் வரவுசெலவுத் திட்டத்திலே ஒதுக்கச் சொல்லிப் போராடட்டும்.

குளங்களையும் மறந்துவிடலாகாது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், உடுவில் என்னும் ஊர்ப் பெயர்களில் வரும் ‘வில்’ நீர்நிலையைக் குறிக்கும் என்று ஆய்வாளர் பலர் கூறுவர். நிரந்தர ஆறு இல்லாத இக்குடாநாட்டிலே, மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கிக் கிணறுகளுக்குச் சேர்வதற்குக் குளமும் தாழ்நிலமுமே வழி. அந்தக் கரைகளிலேதான் வேலியில் வாழாத செடிகள் வாழ்கின்றன. குப்பை கொட்டியும் மண் நிரப்பியும் அவை கட்டடக் காணிகளாக மாற்றப்படும்போது வாய்மூடி இருந்துவிட்டு, மண்டபத்திலே பூச்சட்டி வழங்கும் சங்கத்தை நாட்டுச் செடிச் சங்கம் என்று அழைக்க நம் நா கூசுகின்றது.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! அடுத்த கூட்டத்துக்கான அழைப்பிதழ் உங்கள் கைக்கு வரும்போது, சிறப்புப் பேச்சாளரின் பட்டங்களை எண்ணாதீர்கள். எந்த ஒழுங்கையை, எந்தக் குளக்கரையை, யாருடைய பிழைப்பைக் காக்க இக்கூட்டம் கூடுகின்றது என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் கூட்டத்துக்குப் போங்கள். போய், எழுந்து நின்று அக்கேள்வியை அங்கே கேளுங்கள்.