வாசல் காவலுக்கு மட்டும்தானா முன்னாள் படைவீரர்?

முப்பத்தைந்து, நாற்பது வயதில் படையிலிருந்து ஓய்வுபெற்று வருபவருக்கு ஊரில் எளிதாகக் கிடைக்கும் வேலை, ஏடிஎம் வாசலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலோ காவல் நிற்பதுதான். ரேடார் பழுதுபார்த்தவர், கப்பல் எந்திரத்தைப் பிரித்துப் பூட்டியவர், ஆழ்கடலில் மூழ்கி வேலை செய்தவர் எல்லாருக்கும் அதே நாற்காலி. அரசு பல லட்சம் செலவழித்துக் கற்றுக்கொடுத்த தொழிலை, அரசே ஓய்வுநாளோடு கணக்கு முடித்து மூடிவிடுகிறது. இது வீரருக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும் நட்டம்.

மறுபடியும் சீருடை அணிய விரும்பும் ராணுவ வீரருக்கு இருக்கும் முக்கிய வழிகள் இரண்டு. 1947இல் உருவான, கண்ணூரில் மையம் கொண்ட டி.எஸ்.சி. (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கார்ப்ஸ்) ஒன்று. படைத்தளங்களையும் ஆயுதக் கிடங்குகளையும் காப்பது அதன் வேலை. அதில் இரண்டாவது ஓய்வூதியம் பெற 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். நாற்பது வயதில் சேர்பவர் ஐம்பத்தைந்து வரை தாக்குப்பிடிக்க வேண்டும். மற்றொன்று, 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்த பிராந்திய ராணுவம். அடிப்படையில் அது வேறு வேலையில் இருப்பவர்களுக்கான பகுதிநேரப் படை. அழைப்பு வந்தால்தான் முழுநேரப் பணி.

சிவில் வேலைக்குப் போகலாமே என்றால், அங்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் 10 சதவீதமும், பழைய ‘டி’ பிரிவில் 20 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆனால், முதல் வேலையில் சேர்ந்ததுமே அந்தச் சலுகை தீர்ந்துபோகிறது. சேர்வதற்கு முன்பே விண்ணப்பித்திருந்த பணிகளின் விவரத்தை உறுதிமொழியோடு எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும் 2014ஆம் ஆண்டின் ஆணை விலக்கு தருகிறது. குடும்பச் செலவுக்கு அஞ்சி, கிடைத்த வேலையில் அவசரமாகக் கையெழுத்திடுபவர்தான் இதில் ஏமாறுகிறார். அவருடைய தொழிலுக்குப் பொருத்தமான பணி ஆறு மாதம் கழித்து அறிவிக்கப்பட்டாலும் ஒதுக்கீடு அவருக்கு இல்லை.

இப்போது இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. நான்காண்டுப் பணிக்கு வீரர்களைச் சேர்க்க 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில், ‘அக்னிவீரர்’களின் முதல் அணிக்கு 2026 இறுதியிலிருந்து பணிக்காலம் நிறைவடைகிறது. நான்கில் ஒருவருக்கே நிரந்தரப் பணி உண்டு என்பது திட்டத்தின் விதி. மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியோடு, ஓய்வூதியம் இல்லாமல், இருபத்தைந்து வயதை ஒட்டி வெளியே வருவார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டிருப்பது நல்லதுதான். ஆனால் அதுவும் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தும் வேலையே.

செய்யக்கூடியது என்ன என்பதற்கு வண்டூரைப் பார்த்தால் போதும். தெற்கு அந்தமானின் இந்தப் படகுத்துறையிலிருந்துதான் ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். ஏறுமுன் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்குகிறார்கள். அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் இருப்பது, 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா: 15 தீவுகள், 281 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2004 சுனாமியை உண்டாக்கிய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்தது. அலையாத்திக் காடுகள் அடிவாங்கின. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளப் பாறைகள் வெளுத்தன. கடல் அட்டைக்காக அயல்நாட்டுப் படகுகள் தீவுக் கடலுக்குள் நுழைவதும் நிற்கவில்லை. படகோட்டத் தெரிந்தவர், மூழ்கத் தெரிந்தவர், எந்திரமும் வயர்லெஸும் கையாளத் தெரிந்தவர் இங்கேதான் தேவை. 2001 முதல் முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் இயங்கும் தீவுக்கூட்டத்தில் அப்படிப்பட்டவர்களுக்கா பஞ்சம்?

முன்னுதாரணமும் உண்டு. சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையடிக்கப்பட்ட முசோரி மலைகளை மீட்க, 1982இல் பிராந்திய ராணுவத்தின் முதல் சுற்றுச்சூழல் பட்டாலியன் அமைக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்கள் கார்வால் பகுதியின் முன்னாள் வீரர்கள். வேலை, மரம் நட்டுக் காப்பது. தீவுகளுக்கும் இது புதிதல்ல. 1969 முதல் 1980 வரை முன்னூறுக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் கிரேட் நிக்கோபாரில் நிலம் கொடுத்துக் குடியேற்றியதும் இதே அரசுதான்.

“ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டு இன்னொரு சம்பளமா? உள்ளூர்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அக்னிவீரருக்கு ஓய்வூதியமே கிடையாது. மற்ற முன்னாள் வீரர்களுக்கான இடங்களிலும் பெரும்பகுதி நிரம்புவதில்லை என்பது நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. வண்டூர்க் கடலைக் காக்க நாம் கேட்கும் பிராந்திய ராணுவப் பிரிவு, கார்வாலில் நடந்ததுபோல, தீவுவாசிகளுக்கே முதலிடம் தர வேண்டும். வனத்துறையை ஒதுக்காமல் அதன் வழிகாட்டலில் இயங்க வேண்டும்.

முதல் அக்னிவீரர் அணி முழுவதும் வெளியே வருவதற்குள் மத்திய அரசு மூன்றைச் செய்ய வேண்டும். வண்டூரை மையமாகக் கொண்டு பிராந்திய ராணுவத்தின் கடல்சார் சுற்றுச்சூழல் பிரிவு ஒன்றை அமைத்து, அக்னிவீரர்களுக்கும் அதில் இடம் தர வேண்டும். கடற்படையினர் வணிகக் கப்பல் பணிக்கு மாற 2020இல் செய்யப்பட்ட ஏற்பாட்டை, அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் சேவைத் துறைக்கான ஆள்சேர்ப்போடு இணைக்க வேண்டும். முதல் வேலையோடு சலுகை தீரும் விதியை மாற்றி, விடுவிப்பு நாளிலிருந்து மூன்றாண்டுகள் வரை பொருத்தமான பணிக்கு மாற அனுமதிக்க வேண்டும். விதி மாறும்வரை, ஓய்வுபெறும் வீரரிடம் விண்ணப்பப் பட்டியலை எழுதி வாங்கி உறுதிமொழியோடு சேர்க்கும் பொறுப்பைச் சைனிக் நல அலுவலகங்கள் ஏற்கட்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, நாளையே தொடங்கலாம்.