தூர் வாருதலும் மணல் வாருதலும்

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து, கங்கைகொண்டான் வழியே சென்று, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. அது பிறக்கும் இடத்தைத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி பாடிற்று. கலக்கும் இடத்தை முக்கூடற் பள்ளு பாடிற்று. ஓர் ஆற்றின் தலையில் ஒரு சிற்றிலக்கியமும் காலில் ஒரு சிற்றிலக்கியமும் தோன்றிய பேறு நம் நிலத்துக்கு உண்டு.

முக்கூடற் பள்ளின் உழவர்கள் வெள்ளம் வருமுன்னே அதன் குறிகளை அறிந்தவர்கள். மின்னலின் திசையையும், தவளையின் குரலையும், நண்டு தன் வளையை அடைப்பதையும் கண்டு, ஆறு பெருகப் போகிறது என்று உணர்ந்து மகிழ்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளம் விருந்தாளி. நமக்கோ அது அச்சமாகிவிட்டது. விருந்தாளி பகைவன் ஆனது எப்படி என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களை நெல்லைச் சீமையினர் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டில் அங்கே பெய்யும் மழையைவிட ஒரே நாளில் பெய்தது மிகுதி. தாமிரபரணியில் நொடிக்கு ஒரு இலட்சம் கன அடிக்கும் மேலாக நீர் பாய்ந்தது. குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கியது. தங்கள் வீட்டிலும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், அருகிலிருந்த புதுக்குடி மக்கள் அப்பயணிகளுக்கு உணவளித்தார்கள். சாதியும் சமயமும் அன்று குறுக்கே நிற்கவில்லை. துயரத்துள் நாம் கண்ட ஒளி அது.

வெள்ளம் வடிந்ததும் எங்கும் ஒரே குரல் எழுந்தது: ‘ஆற்றைத் தூர் வாருங்கள்!’ இக்குரலில் நியாயம் உண்டு. அணைக்கட்டின் முன்னே வண்டல் மேடிட்டால் நீர் தேங்கும் அளவு குறையும். கருவேலும் அமலையும் அடைத்த வாய்க்காலில் நீர் ஓடாது. ஓடாத நீர் ஊருக்குள் வரும். இவற்றை அகற்றத்தான் வேண்டும். ஆயினும் தூர் வாருதல் ஒன்று, மணல் வாருதல் வேறொன்று என்பதை நாம் தெளிவாக உணரவேண்டும்.

ஆற்று மணல் கழிவுப் பொருளன்று. மழை நீரை உறிஞ்சிக் கோடையிலும் கிணறுகளுக்கு ஊட்டும் பஞ்சு அது. அதனை ஆழமாக அள்ளினால் கரை சரியும், பாலத்தின் அடித்தூண்கள் வெளியே தெரியும், நீர்மட்டம் இறங்கும், வாய்க்கால் தலைமடை ஆற்றுக்கு மேலே தொங்கும். இதனை உணர்ந்தே முதுபெரும் தலைவர் இரா. நல்லகண்ணு தாமே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வாதாடி, 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை பெற்றார். பின்னர் 2015-இல், பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர் வாரத் தொடங்கியபோது, வண்டலை விட்டு மணலே போகிறது என்று உழவர்கள் குறை கூறினர். 2018-இன் பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தின் தோட்டப்பள்ளியிலும் இதே ஐயம் எழுந்தது. வெள்ளத் தடுப்பின் பெயரால் கனிம மணல் அள்ளப்படுகிறது என்று ஊரார் போராடினர். எங்கே அள்ளுவது, எவ்வளவு ஆழம், அள்ளியது எங்கே போகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் ஊரறிய விடை சொல்லாத எந்தப் பணியையும் தூர் வாருதல் என்று நாம் ஏற்கலாகாது.

இன்னொரு மெய்ம்மையும் உண்டு. எவ்வளவு தூர் வாரினும் 95 செ.மீ. மழையை ஓர் ஆற்றின் படுகை மட்டும் தாங்காது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு ஆகியவற்றை இணைக்க 2009-இல் தொடங்கிய வெள்ளநீர்க் கால்வாய் நொடிக்கு 3,200 கன அடி கொள்ளும். ஒரு இலட்சம் கன அடியில் அது நூற்றுக்கு மூன்று பங்கே. வறண்ட சாத்தான்குளம் பகுதிக்கு அக்கால்வாய் வாழ்வு தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெருவெள்ளத்துக்கு அதுவே மருந்து என்று நம்பி உறங்குவது தவறு.

கடலை எதிர்த்தே வாழ்ந்த நெதர்லாந்து நாட்டினர் இப்பாடத்தை 1993, 1995 வெள்ளங்களில் கற்றார்கள். 1995-இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற நேர்ந்தது. கரையை மேலும் மேலும் உயர்த்துவதோடு நில்லாமல், ஆற்றுக்கு இடம் விடுவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நைமேகன் நகரில் கரையையே ஏறத்தாழ 350 மீட்டர் உள்ளே தள்ளி அமைத்து, ஆற்றுக்குப் புதிய கிளை ஒன்றை வெட்டினார்கள். அதற்காக வீடுகளை இழந்தோரும் உண்டு.

ஆலங்குளத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் வினவலாம். நம் ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. அண்டையிலுள்ள குறிப்பன்குளத்தின் பெயரிலும் இருக்கிறது. நாம் மேட்டில் வாழ்பவர்கள். இங்கே ஒரு குளம் பெருகினால் அதன் மறுகால் நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கடுத்த குளத்துக்கு. மேட்டுக் குளங்கள் நீரைப் பிடித்து வைத்தால் தாழ்விடத்துக்கு வெள்ளம் மெல்லப் போகும். அவை தூர்ந்து கிடந்தால் ஒரே பாய்ச்சலாகப் போகும். ஆகவே இங்கே நாம் தூர்த்த ஒரு வாய்க்காலுக்கு, எங்கோ ஆற்றங்கரையில் நம் உறவினர் ஒருவர் விலை கொடுக்கிறார். மேட்டில் இருப்பவன் தாழ்வில் இருப்பவனுக்குக் கடன்பட்டவன். வெள்ளம் நம்மைத் தொடாது என்பதும் மெய்யன்று. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று.

ஆக்கிரமிப்பை அகற்றும்போது நீதி தவறலாகாது. ஆற்றங்கரையில் குடிசை போட்டிருப்பவர் வேறு இடம் இல்லாததால் அங்கே இருக்கிறார். குளத்துக்குள் கட்டடம் எழுப்பியவர் வேறு இடம் இருந்தும் அங்கே எழுப்பினார். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று. ஏழைக்கு முதலில் மாற்றிடம். அதன் பின்னரே அகற்றுதல்.

குடிமராமத்து நம் முன்னோரின் வழக்கம். 1858-இல் ஆங்கில அரசும் அதற்குச் சட்டம் செய்தது. 2017-இல் தமிழக அரசு அப்பெயரை மீண்டும் உயிர்ப்பித்தது. குளத்துக் கரம்பையை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2024-இல் வழி எளிதாக்கப்பட்டது. குளமும் ஆழமாகும், வயலும் வளம் பெறும். மணலுக்குக் கேடில்லாத தூர் வாருதல் இதுவே. இவ்வாய்ப்பைக் கோடையிலேயே பயன்படுத்த வேண்டும். மழை தொடங்கிய பின் இயந்திரத்தை இறக்குவது ஊரை ஏமாற்றும் வேலை.

மாணவச் செல்வங்கள் ஒன்று செய்யலாம். தத்தம் ஊர்க் குளத்தின் கரை, மடை, மறுகால், வரத்துக்கால் ஆகியவற்றை நடந்து பார்த்து எழுதி வைக்கட்டும். எந்த ஆண்டு எவ்வளவு தூரம் நீர் வந்தது என்பதைப் பெரியோர் சொல்லட்டும். அதைச் சுவரில் கோடாகக் குறிக்கட்டும். பள்ளிவாசலானாலும் கோயிலானாலும் தேவாலயமானாலும், அதன் ஒலிபெருக்கி வெள்ள எச்சரிக்கைக்கும் பயன்படட்டும்.

பள்ளின் உழவர் நண்டின் வளையைப் பார்த்து வெள்ளத்தை அறிந்தார். நமக்கு வானிலை நிலையமும் செயற்கைக்கோளும் உள்ளன. ஆற்றின் குறியைப் படிக்கும் அறிவு நம்மிடம் மிகுந்திருக்கிறது. ஆற்றுக்கு வழிவிடும் மனம்தான் இனி நமக்கு வேண்டும்.