சங்கங்களே, சர்வரை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்?

மும்பையில் தாராவி, மாதுங்கா, செம்பூர், முலுண்டு என்று தமிழர்கள் வாழும் இடங்களில் சங்கங்களுக்குப் பஞ்சம் இல்லை. கல்வி உதவி, ரத்ததானம், பொங்கல் விழா என்று அவை செய்யும் தொண்டும் சிறிதல்ல. இப்பணிகளை இணையதளம் மூலம் செய்யலாம் என்ற ஆர்வம் வளர்ந்து வருகிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நிர்வாகிகள் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

பலகையும் கவுண்டரும்

ரெயில் நிலையத்தில் கால அட்டவணைப் பலகை இருக்கிறது. வருகிறவர் படித்துவிட்டுப் போவார். முன்பதிவு கவுண்டர் அப்படி அல்ல. படிவத்தை வாங்க வேண்டும். இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவு செய்து டிக்கெட் கொடுக்க வேண்டும்.

இணையதளத்திலும் இந்த இரண்டு வகை உண்டு. விழா அழைப்பிதழையும் புகைப்படத்தையும் காட்டுவது பலகை. உறுப்பினர் தமது பெயர், முகவரி, ரத்த வகையை நிரப்பி அனுப்புவது கவுண்டர். இதற்குச் சர்வரிலேயே ஒரு புரோகிராம் ஓட வேண்டும்.

1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. மையத்தில் இதற்கு 'சி.ஜி.ஐ.' என்ற வழி பிறந்தது. 1995-ல் அப்பாச்சி சர்வரும், பி.எச்.பி. மொழியும் வந்தன. நமது நாட்டில் 2002 ஆகஸ்டு முதல் ரெயில் டிக்கெட்டே இணையதளத்தில் கிடைக்கிறது. இன்று மாதம் சில நூறு ரூபாய் வாடகையில் ஒரு லினக்ஸ் சர்வர் கிடைத்துவிடுகிறது. தேவையான மென்பொருள்களோ பெரும்பாலும் இலவசம். ஓர் இளைஞர் ஒரே நாளில் எல்லாவற்றையும் அமைத்துவிடலாம்.

ஆபத்து தொடங்குவது இங்கேதான். "ஓடுகிறது, போதும்" என்று விட்டுவிடுகிறோம்.

2007-ல் நடந்தது

2007 ஆகஸ்டில் பேஸ்புக் நிறுவனத்துக்கு என்ன நேர்ந்தது? ஒரு சர்வரின் அமைப்பில் கோளாறு. பி.எச்.பி. புரோகிராமை ஓட்டி விடையைத் தருவதற்குப் பதிலாக, புரோகிராமின் வரிகளையே சர்வர் வெளியே அனுப்பிவிட்டது. அந்த வரிகள் உலகம் முழுவதும் பரவின. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு சங்கம் எம்மாத்திரம்? அந்த வரிகளுக்குள் பாஸ்வேர்டும் எழுதி வைக்கப்பட்டிருந்தால், பெட்டியையும் சாவியையும் சேர்த்துத் தெருவில் வைத்த கதைதான்.

ஆகவே சில கட்டுப்பாடுகள் அவசியம். சர்வரின் முழு அதிகாரம் படைத்த 'ரூட்' கணக்கில் புரோகிராமை ஓட்டக் கூடாது. குறைந்த அதிகாரம் உள்ள தனிக் கணக்கு வேண்டும். அப்போதுதான் யாராவது புரோகிராமுக்குள் நுழைந்தாலும் வீடு முழுவதும் அவர் கைக்குப் போகாது. அப்பாச்சியோ என்ஜின்எக்சோ வாசலில் நிற்கட்டும். புரோகிராம் உள்ளே இருக்கட்டும். பாஸ்வேர்டு கோப்பும், உறுப்பினர் பட்டியலின் நகலும் வெளியார் பார்க்கும் கோப்பகத்தில் இருக்கவே கூடாது. பிழை நேர்ந்தால் உள்விவரங்களைத் திரையில் கொட்டும் வசதியை நிறுத்திவிட வேண்டும். மென்பொருள்களைப் புதுப்பித்தபடி இருக்க வேண்டும். பி.எச்.பி. 7.4-க்கு 2022 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதையே இன்னும் ஓட்டுவது பூட்டு உடைந்த கதவைச் சாத்தி வைப்பதற்குச் சமம்.

ஒப்படைப்பு எங்கே?

"நம் பையன் இலவசமாகச் செய்து கொடுக்கிறான். அவனைக் குறை சொல்லலாமா?" என்று சிலர் கேட்கலாம். அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை, பாராட்டுகிறோம். அவர் தலையில் மட்டும் பாரத்தைச் சுமத்திவிட்டு ஒதுங்கும் நிர்வாகத்தைத்தான் கேட்கிறோம். நாளை அவர் வேலை கிடைத்து வெளியூர் போனால் பாஸ்வேர்டு யாரிடம்? தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? வாடகை கட்டும் தேதி யாருக்குத் தெரியும்?

ரெயில்வேயில் பொறுப்பு மாறும்போது எழுதிக் கையெழுத்திட்டுத்தான் சார்ஜை ஒப்படைப்பார்கள். பணப்பெட்டி முதல் டிக்கெட் இருப்பு வரை கணக்கு உண்டு. சங்கத்தின் சர்வருக்கும் அப்படி ஒரு பதிவேடு வேண்டும். சர்வரை நடத்தத் தெரிந்தவர் இருவராவது இருக்க வேண்டும். தளமும் வாடகையும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பட்டியலின் நகல் வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் இல்லை என்றால், பலகையோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கம் இல்லை. பட்டியல் பழையபடி நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கட்டும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பிறர் தகவலை வாங்குகிறவர் அதைக் காக்கவும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

சட்டம் இருக்கட்டும். ரத்தம் கொடுக்க முன்வந்த ஒரு பெண்ணின் தொலைபேசி எண், ஊர் பேர் தெரியாதவன் கையில் சிக்கி, நள்ளிரவில் அழைப்பு வந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? அடுத்த முறை ரத்தம் கேட்டுப் போனால் அவர் கதவைத் திறப்பாரா? சங்கத்தை நம்பித்தான் அவர் எண்ணைக் கொடுத்தார். அடுத்த பொதுக்குழுவில் ஆண்டுக் கணக்கோடு சர்வர் பொறுப்பையும் எழுத்தில் வைத்து ஒப்புதல் பெறுங்கள். காலம் கடத்த வேண்டாம்.