தங்கவயல்: தொழிலாளரும் பங்காளிகளே!

கோலார் தங்கவயலில் 1880-ல் கால் பதித்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம், மைசூர் அரசுக்கு ராயல்டி செலுத்தித் தங்கத்தை அள்ளிச் சென்றது. சுரங்கத்தில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இல்லை. 1956-ல் அரசுடைமையான சுரங்கம், 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சயனைடு மேடுகளே மிஞ்சின. உலகளாவிய டெண்டர் கோரும் மத்திய அரசின் முடிவை 2013-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

உள்ளூர்க் கூட்டாளி இருந்தாலே போதும் என்பதற்கில்லை. வியட்நாமின் போங் மியூ தங்கச் சுரங்கத்தை உள்ளூர்ப் பங்காளிகளுடன் நடத்திய வெளிநாட்டு நிறுவனம், வரி பாக்கியை விட்டுச் சென்றது. எனவே, கோலாருக்கு எந்த நிறுவனம் வந்தாலும், மேடுகளைச் சீரமைக்க முன்கூட்டியே வைப்புத்தொகை செலுத்துவதும், லயன் வீடுகளில் வசிப்போருக்கு உரிமை உறுதிசெய்வதும் டெண்டரின் முதல் நிபந்தனைகளாக வேண்டும்.